செத்த பேட்டரியின் சூடு

மலைமேல் இருந்த அந்த ஊருக்குக் கரண்ட் கம்பி வரவில்லை. பிரசவ அறை விளக்குக்குச் சோலார் பேட்டரிதான். அதுவும் செத்து ஒரு வருஷம் என்றார் தலைவர் மாரப்பன். பூட்டிய பேட்டரி அறைக்குள்ளோ பகலெல்லாம் யாரோ தண்ணீர் குடிப்பதுபோல் 'களக் களக்' சத்தம். பிரசவத்தில் செத்துப்போன ஒருத்தியின் ஆவி என்று ஊரே விலகி நடந்தது.

அறையைத் திறந்துவிட்டு, பேட்டரி மெக்கானிக் செவ்வந்தியிடம் தலைவர் சொன்னார்: "இந்தப் பொணத்தை இப்பவே எழுப்பு. இல்லேன்னா செத்துப்போச்சுன்னு கையெழுத்துப் போடு."

அவள் பேட்டரிமேல் உள்ளங்கையை வைத்தாள். "ஒரு வருஷத்துப் பொணம் சுடுதே, தலைவரே? வெயில்ல சார்ஜ் ஏறி உள்ளே ஆசிட் 'களக் களக்'னு கொதிக்குதே?"

"ஆவி பிடிச்சிருக்கு!"

"அப்போ ஓட்டிடுவோம்." சுவருக்குள் நுழைந்த ஒயரைக் கழற்றினாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து தலைவரின் மனைவி கத்தினாள்: "என்னங்க, ஃபேன் நின்னுபோச்சு!"

செவ்வந்தி பிரசவ அறை ஒயரை மாட்டினாள். விளக்கு எரிந்தது.

"பொணம் எழுந்திருச்சு, தலைவரே. ஆவிக்குத்தான் இனி உங்க வீட்டுல வேர்க்கும்."