புகைப்போக்கியில் கட்டிய கூடு

அந்தக் காலத்தில் சிட்டுக்குருவிக்கு மனுசர் பேச்சு தெரியும். தெரிந்ததோடு விடாமல் வீட்டு விவகாரம் எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்து யோசனையும் சொல்லும். அப்படிப்பட்ட ஒரு சிட்டு, அக்கம்பக்கத்தில் வேறு வீடே இல்லாத ஒரு தோட்டத்து ஓலைவீட்டில் தன் பெட்டையோடு குடியிருந்தது. வீட்டுக்காரன் சென்னிமலை. அவன் பெண்சாதி பூவாயி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். சென்னிமலைக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. தூரத்தில் இருந்த அக்கா வீட்டுக்கு நடந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வான். மாசக்கணக்கில் அடுப்பில் பூனை தூங்கியது.

இனி இந்த வீட்டில் அடுப்பு எரியப்போவதில்லை என்று சிட்டு தானாகவே முடிவுகட்டிவிட்டது. சுவரில் பதித்திருந்த புகைப்போக்கிக் குழாய்க்குள் வைக்கோலும் தேங்காய் நாரும் திணித்துக் கூடு கட்டியது. பெட்டை அதில் முட்டையிட்டு அடைகாத்தது.

ஐப்பசி அடைமழையில் பூவாயி கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். பிள்ளைக்கு வெந்நீர் போட அடுப்பைப் பற்றவைத்தாள். மேலே போகவேண்டிய புகை அடுப்பு வாய் வழியாகத் திரும்பி வீடு பூராவும் நிறைந்தது. பிள்ளை இருமியது.

உத்திரத்தில் உட்கார்ந்திருந்த சிட்டைப் பார்த்துப் பூவாயி, "ஏஞ் சிட்டு, நீ இங்கயேதான இருந்த? என்னாச்சு இந்த அடுப்புக்கு?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொன்னால் கூட்டைப் பிய்த்து எறிந்துவிடுவார்களே என்று பயந்து, "வெறகு ஈரமுங்க அம்மணி" என்றது சிட்டு.

பூவாயி நனைந்த விறகைத் தள்ளிவிட்டு, பரண்மேல் காய்ந்து கிடந்த பருத்திமார்க் குச்சிகளை எடுத்து வைத்தாள். தீ நன்றாகப் பிடித்தது. புகையும் சேர்ந்து வந்தது.

"அடியில சாம்பல் அடஞ்சிருக்குமுங்க" என்றது சிட்டு. கைவிட்டுச் சாம்பலை எல்லாம் வழித்துக் கொட்டினாள். அப்போதும் புகை நிற்கவில்லை. "வாடைக்காத்துதான் புகைய உள்ள தள்ளுதுங்க" என்றது. ஜன்னலில் சாக்கை மாட்டினாள். இருந்த ஒரு வழியும் அடைபட்டுப்போக, எதிரே நிற்பவர் முகமே தெரியவில்லை.

அடுப்பை அணைத்தால் பிள்ளை குளிரில் வெடவெடத்தது. பற்றவைத்தால் மூச்சுத் திணறியது. வெளியே கொண்டுபோகலாம் என்றால் மழை விட்டபாடில்லை. பூவாயி ஊதாங்குழலை வீசி எறிந்துவிட்டு அழுதாள்.

சிட்டு குழாய்க்குப் பறந்துபோனது. பெட்டை கண்ணெல்லாம் எரிய, முட்டையை விடாமல் உட்கார்ந்திருந்தது.

"சொல்லிப்போடுங்க" என்றது பெட்டை.

"சொன்னா நம்ம முட்டை?"

"அங்கயும் ஒரு புள்ளைதான கெடக்குது?"

நாளைக்கு மழை விட்டுவிடும், எல்லாம் சரியாகிவிடும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு சிட்டு மறுபடி உத்திரத்துக்கு வந்தது.

கீழே பிள்ளையின் இருமல் நின்றிருந்தது. அழுகையும் நின்றிருந்தது. உதடு நீலம் பாரித்து, தலை பூவாயியின் கையில் துவண்டு தொங்கியது. "ஏனுங்க! புள்ள மூச்சு விடமாட்டீங்குது, ஓடியாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில், மாட்டுத்தொழுவத்தில் இருந்த சென்னிமலை விழுந்தடித்துக்கொண்டு வந்து, பிள்ளையை வாங்கி வாசல்படிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். முகத்தில் சாரல் பட்டதும் பிள்ளை ஒரு விக்கல் விக்கி மூச்சை இழுத்தது.

அதற்குமேல் சிட்டுக்குத் தாங்கவில்லை.

"அம்மணி, நான் பொய் சொல்லிப்போட்டனுங்க. வெறகுமில்ல, காத்துமில்ல. குழாய்க்குள்ள எங்க கூடு இருக்குதுங்க."

சென்னிமலை பிள்ளையைப் பூவாயியிடம் கொடுத்துவிட்டு, மூலையில் இருந்த கம்பை எடுத்தான். கம்பால் குத்தினால் கூடு என்ன கதியாகும் என்று எல்லோருக்கும் தெரியும். பூவாயி அவன் கையைப் பிடித்தாள்.

"வேண்டாமுங்க. உள்ள முட்டை இருக்குமுங்க." பெற்று இன்னும் உடம்பு தேறாதவள். சிட்டின்மேல் அவளுக்குக் கொலைவெறி வந்திருந்தது. ஆனாலும் பிடித்த கையை அவள் விடவில்லை.

"நானே தள்ளிவுடறனுங்க" என்றது சிட்டு.

அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். பிள்ளையை அவனிடம் கொடுத்துவிட்டு, பூவாயி குழாயின் அடிவாய்க்கு நேராக மடியை ஏந்தினாள். பெட்டை மெல்ல எழுந்து வெளியே போனது. சிட்டு மேலிருந்து குழாய்க்குள் இறங்கியது. உள்ளே பல வருசத்துக் கரி, நகம் பட்ட இடமெல்லாம் சூடு. அலகால் நாரை அறுத்து, தொண்டையைக் குழாய்ச் சுவரோடு அழுத்தி முட்டுக்கொடுத்து, காலால் உதைத்து உதைத்துக் கூட்டைக் கீழே தள்ளியது.

கூடு பூவாயியின் மடியில் விழுந்தது. ஒரு முட்டை உடைந்துபோயிற்று. மற்றவை பிழைத்தன. கூட்டை அப்படியே ஒரு பழைய சட்டியில் வைத்து, உத்திரத்தின்மேல் ஏற்றினாள். பெட்டை வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுபடி அடுப்பைப் பற்றவைத்தபோது புகை ஒழுங்காகக் குழாய்வழியே மேலே போயிற்று. பிள்ளை வீடு அதிர வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் பூவாயிக்கு உயிர் வந்தது.

சிட்டு மழைத்தண்ணீரில் முங்கிப் பார்த்தது. மழை ஓய்ந்தபின் புழுதியில் புரண்டும் பார்த்தது. மேலெல்லாம் ஒட்டியிருந்த கரி போய்விட்டது. தொண்டையில் இருந்தது மட்டும் போகவேயில்லை.

அன்று முதல்தான் ஆண் சிட்டுக்குத் தொண்டையில் அந்தக் கரித்திட்டு. பெட்டைக்கு அது கிடையாது. அது அப்போதே உண்மையைச் சொல்லிவிடச் சொன்னது.