தண்டபாணி சார் போட்ட கையெழுத்து

தூத்துக்குடி டிஜிட்டல் ஓவிய வகுப்பில் ஜெசிந்தா வரைந்த, பறக்கும் பஸ் கண்டக்டரம்மா படத்தைத் தண்டபாணி சார் மறுபடியும் தள்ளிவிட்டார்.

"மூஞ்சி கோணல். ஒரு கோட்டையும் அழிக்கக்கூடாது, புதுசா போடவும் கூடாது. நான் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள சரிபண்ணு. இல்லேன்னா கண்காட்சியில உனக்கு இடமில்ல."

ஜெசிந்தா ஒரு பட்டனைத் தட்டினாள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் படம் திரும்பியது. கண்டக்டரம்மாவின் இடது தோள் பை வலது தோளுக்குப் போனது.

சார் வந்தார். "பாத்தியா! நான் சொன்னபிறகுதான் மூஞ்சியில களை வந்திருக்கு!" திரையிலேயே பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

'அப்பாடா' என்று ஜெசிந்தா அதே பட்டனை மறுபடி தட்டினாள். அவர் தள்ளிய பழைய படமே வந்து நின்றது. கையெழுத்து மட்டும் இடவலம் மாறியிருந்தது.

"கண்டக்டரம்மா அப்படியேதான் இருக்காங்க சார். உங்க கையெழுத்தைத்தான் சரிபண்ணணும்."