பூவரசம் பேனா போட்ட சுழி

அந்தக் காலத்துல மரத்துக்கும் பறவைக்கும் வாய் இருந்துச்சு. மனுஷனுக்குத்தான் காது கொஞ்சம் மந்தம். ஆத்தங்கரையில கொம்பையான்னு ஒரு கடைசல்காரன். கட்டில் கால், தொட்டில் கம்பு, பம்பரம்னு எந்தக் கட்டையைக் கொடுத்தாலும் உருட்டிக் கடைஞ்சிருவான். அவன் வாசல்ல ஒரு பூவரசு. இடுப்புல பானை வச்ச மாதிரி அதுக்குப் பெரிய முண்டு.

அவன் பொண்டாட்டி மாடத்திக்கு அந்த மரம்னா உசுரு. கல்யாணமாகி வந்த அன்னைக்கே அதோட இலையைச் சுருட்டி பீப்பீ ஊதினவ. "பொண்ணு நல்லா ஊதுறா, மாப்பிள்ளைக்குத்தான் தாளம் சேரலை"ன்னு மரமே கிண்டல் பண்ணுச்சு. வேலை முடிஞ்சா முண்டுல இருக்க சுழியை விரலால தடவிக்கிட்டே கதை பேசுவா.

ஒரு சித்திரையில, பட்டறைக்கு இடம் பத்தலைன்னு கொம்பையா கோடாலியைத் தூக்கினான். மாடத்தி சந்தைக்குப் போயிருந்தா. "அவ வரட்டும்பா"ன்னு மரம் சொல்லிப் பார்த்துச்சு. அவன் கேட்கலை. வெட்டிப்புட்டான்.

மாடத்தி வந்து பார்த்தா. "இனி பட்டறையோடவே குடும்பம் நடத்துங்க"ன்னுட்டு அக்கரையில அம்மா வீட்டுக்குப் போயிட்டா.

கொம்பையா போய்க் கூப்பிடலை. வீம்பு. அது வடியறதுக்கு ஐப்பசி ஆயிப்போச்சு. வீம்பு வடிஞ்ச நேரம் பார்த்து ஆத்துல வெள்ளம் ஏறிடுச்சு. பரிசல் கிடையாது.

கை சும்மா இருக்கலை. மூலையில காய்ஞ்சு கிடந்த முண்டை அறுத்தான். உள்ள பார்த்து மிரண்டுட்டான். ரேகை ஒண்ணுகூட நேரா ஓடலை, எல்லாம் சுழி. அதுல ஒரு பேனா கடைஞ்சு, பித்தளை முள்ளு சொருகி, தேன்மெழுகு தேச்சான்.

சுவர் மேல இருந்த மடையான் கொக்கு, "அண்ணாச்சி, இப்ப அக்கரைக்குப் பறக்கேன். கடுதாசி இருந்தா சட்டுனு தாரும். அப்புறம் மழைக்காலம் முடிஞ்சாத்தான் வருவேன்"ன்னுச்சு.

வீட்டுல இருந்தது ஒரே தாளு. கடுக்காய் மசியில தொட்டு 'மாடத்தி'ன்னு ஆரம்பிச்சான். பேனா சுழிச்சுது. மறுபடி வச்சான். இன்னொரு சுழி.

"ஏ பேனா, என் குடும்பமே இந்தத் தாள்லதான் தொங்குது. எழுதித் தொலையேன்!"

"கொஞ்சம் பொறுத்துக்கப்பா"ன்னுச்சு பேனா, அதே பூவரசுக் குரல்ல. "அவ பீப்பீ ஊதின சத்தம் இந்தச் சுழி. நீ தூக்கத்துல உளறினதைச் சொல்லி அவ சிரிச்சது அந்தச் சுழி. எல்லாத்தையும் முண்டுக்குள்ள முடிஞ்சு வச்சிருந்தேன். அதை இறக்கி வைக்காம எனக்கு எழுத்து வராது."

கொம்பையா பேனாவை அடுப்புல போட்டிருக்கலாம். போடலை. இந்தத் தடவை மரம் சொன்னதைக் கேட்டான். அது போற போக்குக்குக் கையை விட்டான். தாள் ரொம்பிப்போச்சு. 'மன்னிச்சுக்கோ'ன்னு எழுத ஓரம்கூட மிச்சமில்லை.

"இது கடுதாசியா, இடியாப்பமா?"ன்னு கேட்டுட்டு மடையான் கவ்விக்கிட்டுப் பறந்துச்சு.

வெள்ளம் வடிஞ்சு முதல் பரிசல் வந்துச்சு. அதுல மாடத்தி. ஒரு கையில தாளு, ஒரு கையில பச்சைப் பூவரசம் போத்து.

"ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கலையே?"

"இடம் பத்தலை."

"உங்களுக்கு எப்பவும் இடந்தான் பத்தாது." சிரிப்பை அடக்கிக்கிட்டு தாள்ல விரலை வச்சா. "தடவிப் பார்த்தேன். அதே சுழி. பாவி மரம், எதையும் மறக்கலை. முதல்ல இந்தப் போத்தை நட்டு வைங்க. அப்புறம் சோறு."

அன்னையிலிருந்துதான், யார் கைக்குப் புதுப்பேனா வந்தாலும், பேரை எழுதுறதுக்கு முன்னாடி தாள் ஓரத்துல நாலு சுழி போட்டுக்குது. மை வருதான்னு பார்க்கோம்னு நாம நினைச்சுக்கிறோம். பேனா அதோட மரத்தை ஒருதரம் நினைச்சுக்குது.