வலிக்காத விரல்கள்

மலையடிவாரத்து மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மனைவி உள்ளவன் துறவு கேட்டால், அவளே வந்து தன் கையால் காவித் துணியைக் கொடுக்க வேண்டும். அவள் கொடுக்காததை மடம் கொடுக்காது.

கணவர் ஏகாம்பரத்துக்குக் காவி கொடுப்பதற்காகப் பூங்காவனம் அன்று காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வாசலில் இருந்த மகிழ மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

மடத்தின் தலைவியை எல்லோரும் அம்மா என்பார்கள். ஏகாம்பரத்தைவிட வயதில் இளையவள். அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் என்பதால் அவரை எப்போதும் ஹவில்தார் என்றுதான் கூப்பிடுவாள். அன்று அவரையும் கூட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள்.

"என்ன ஹவில்தார், முடிவு பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்ம்மா. நீங்க சொல்ற பற்றில்லாத நிலை எனக்கு வந்துடுச்சு."

"எப்படித் தெரியும்?"

"எங்கம்மா செத்தாங்க, கண்ணுல தண்ணி வரல. மக கல்யாணம் நடந்துது, மனசுல ஒண்ணுமில்ல. தூக்கத்தைக் கெடுத்துக்கினு இருந்த பட்டாளத்து நெனப்புகூட இப்ப கிட்ட வர்றதில்ல. எங்கேயும் வலி இல்லம்மா."

விறைப்பாக நின்றபடி, மேலதிகாரிக்குத் தகவல் சொல்வதுபோல் சொன்னார். பட்டாளம் கொடுக்காத பதக்கம் ஒன்று தனக்கு இங்கே கிடைத்துவிட்டதாக அவர் நம்பினார்.

அம்மா பூங்காவனத்தின் பக்கம் திரும்பினாள். "நீ என்னம்மா சொல்ற?"

"நான் இன்னாத்த சொல்றது? பேரனைத் தூக்கி மடியில வெச்சா, பஸ்ஸுல யாரோ பாத்துக்கச் சொல்லிட்டுப் போன மூட்டை மாதிரி வெச்சிக்கினு உக்காந்திருக்காரு. சாமியாராப் போனா எனக்கு ஒரு ஆள் சோறு மிச்சம். ஆனா போறது சாமியாரான்னுதான் எனக்குத் தெரியல."

பையிலிருந்து காவித் துணியை எடுத்து வெளியே வைத்தாள். அதன் பக்கத்தில் ஓர் அட்டையையும் வைத்தாள்.

"டவுன்ல பழைய பட்டாளத்துக்காரங்களுக்கு ஆஸ்பத்திரி இருக்குது, அம்மா. இந்த அட்டைய காட்டினா போதும், காசு கிடையாது. மனசுக்குப் பாக்கற டாக்டர் வியாழக்கிழமை வர்றாராம். பொண்டாட்டியும் கூட உக்காந்து பேசலாமாம். இன்னிக்கு வியாழன். கூப்ட்டா, 'நான் இன்னா பைத்தியமா'ன்றாரு."

"பூங்காவனம்!" பரேடு மைதானத்துக் குரல்.

"கத்தறதுல மட்டும் பற்று போகல போல" என்றாள் அவள்.

அம்மா சிரிக்கவில்லை. "ஹவில்தார், அப்படி உட்கார்ந்து ஷூவைக் கழற்றுங்க."

அவர் கழற்றினார். அம்மா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து, இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஏகாம்பரம் பதறிப்போய் இழுத்தார்.

"ஐயோ, நீங்க போய் என் காலை..."

அவள் விடவில்லை. சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தழும்பு.

"இது எங்கே போச்சு?"

"பனிமலையில."

"ரொம்ப வலிச்சுதா?"

"மொதல்ல உயிர் போற வலி. அப்புறம் நின்னுடுச்சு. சரியாயிடுச்சுன்னு நெனச்சேன். காவலுக்குக் கெளம்பினேன்."

"போனீங்களா?"

"ஜோகிந்தர் விடல. என் ஜோடிக்காரன். பனியில அவனவன் கால அவனவனே பாத்து முடிவு பண்ணக் கூடாதும்மா. ஜோடிக்காரன்தான் பாக்கணும், அது உத்தரவு. சாக்ஸை உருவிப் பாத்தான். விரலு சுண்ணாம்பாட்டம் வெளுத்துக் கெடந்துது. வாயில வந்தபடி திட்டினான். முதுகுல தூக்கிக்கினு டாக்டர்கிட்ட எறங்கினான். அவன் இல்லன்னா காலே போயிருக்கும்."

"அந்த மவராசன் நல்லா இருக்கட்டும்" என்றாள் பூங்காவனம்.

அம்மா காலை மெல்ல இறக்கி வைத்தாள். காவித் துணியை மடித்துப் பூங்காவனத்தின் பைக்குள்ளேயே திரும்ப வைத்தாள். அட்டையைத் தொடவில்லை.

மலைத் திருப்பத்தில் டவுன் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பூங்காவனம் எழுந்து நின்றாள்.

ஏகாம்பரம் துணி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் குரல் பரேடு மைதானத்துக் குரலாக இல்லை.

"ஆனா எனக்கு நெஜமாவே எங்கேயும் வலிக்கலையேம்மா."

"ஜோகிந்தர்கிட்டயும் இதையேதான் சொன்னீங்களா?" என்றாள் அம்மா.

அவர் குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டு, அட்டையை எடுத்துப் பூங்காவனத்தின் கையில் கொடுத்தார்.