நாலே நாலு வாக்கியம்

பகலில் அப்பளக் கம்பெனி, சாயங்காலம் டுடோரியல். முப்பத்தெட்டு வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதக் கிளம்பிய செங்கமலத்துக்கு, கைடில் இருந்த இங்கிலீஷ் உரையாடலில் நாலே நாலு வாக்கியம்தான் மனப்பாடம்.

டுடோரியல் நடத்தும் வரதராசன் அவள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். "உங்களால என் ரிசல்ட் கெட்டுடும். வகுப்பு முன்னால அஞ்சு நிமிஷம் என்னோட இங்கிலீஷ்ல பேசுங்க. நடுவுல தமிழ் வந்தா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"உங்களுக்குத் தமிழ் வந்துட்டா, சார்?"

"எனக்கா? அந்த நிமிஷமே கையெழுத்துப் போடறேன்."

வகுப்பு கூடியதும், இந்த வயதில் படிப்பு எதற்கு என்று இங்கிலீஷில் பொழிந்து தள்ளினார்.

"ப்ளீஸ் ரிப்பீட், சார்."

மறுபடி சொன்னார்.

"ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி, சார்."

நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன், சார்."

விளக்கினார். நெற்றி வியர்த்தது.

"ப்ளீஸ் கிவ் ஆன் எக்ஸாம்பிள், சார்."

உதாரணத்துக்குத் தன் வீட்டுக் கிழட்டுப் பசுவை இழுத்தார். என்னதான் தின்னக் கொடுத்தாலும் அது பால் கறக்காது என்று சொல்ல வந்தவருக்கு, கொடுத்த தீனியின் பெயர் இங்கிலீஷில் வரவில்லை. விரலைச் சொடுக்கிப் பார்த்தார்.

"அதாம்மா, இந்தப் புண்ணாக்கு..."

வகுப்பே சிரித்தது. செங்கமலம் மட்டும் சிரிக்காமல் விண்ணப்பத்தை மேசையில் விரித்துப் பேனாவை நீட்டினாள்.

"ப்ளீஸ் சைன், சார்."

அந்த வாக்கியம் கைடில் இல்லை.