தலைவியின் தனிக் கிளை

உடைமரக் காட்டின் ஓரத்தில் ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று வாழ்ந்துவந்தது. விடிந்ததும் எல்லாம் தரைக்கு இறங்கும். காய்ந்த சருகைப் புரட்டும். புழு கிடைத்தால் தின்னும். கிடைக்காவிட்டால் அடுத்த சருகு. புரட்டுகிற நேரமெல்லாம் பேச்சு. பேச்சு என்றால் அப்படியொரு பேச்சு! குளத்துத் தவளைகளே சலித்துப்போய்த் தண்ணீருக்குள் முங்கிவிடும்.

கீழே எல்லாம் சருகுக்குள் தலையை விட்டிருக்கும்போது, ஒரு குருவி மட்டும் உடைமரத்தின் உச்சிக் கிளையில் காவல் இருக்கும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. காவல் குருவி அடிக்கடி "இருக்கேன்!" என்று குரல் கொடுக்கும். கீழே இருப்பவை "இருக்கோம்!" என்று பதில் கொடுக்கும். நான் பார்த்துக்கொள்கிறேன், பயமில்லாமல் தின்னுங்கள் என்று மேலிருந்து ஒரு சொல். நீ தனியாக இல்லை என்று கீழிருந்து ஒரு சொல். இதை யாரும் யாருக்கும் விளக்கியதில்லை. கத்திக் கத்திப் பழகியதுதான். கொஞ்ச நேரத்தில் வயிறு நிறைந்த குருவி ஒன்று மேலே வரும். "எறங்கு, எறங்கு! மூஞ்சியிலேயே பசி தெரியுது!" என்று காவலை மாற்றிக்கொள்ளும்.

கூட்டத்தின் பழைய தலைவர் அந்தக் கோடையில் இறந்துபோனார். அடுத்த தலைவியாக எல்லாம் சேர்ந்து சிலும்பியைத் தேர்ந்தெடுத்தன. உச்சந்தலை இறகு எப்போதும் சிலும்பிக்கொண்டு நிற்பதால் அந்தப் பெயர். கூட்டத்திலேயே கூர்மையான கண் அதற்குத்தான். குளத்தின் அக்கரையில் பறப்பது ஈசலா தும்பியா என்று இக்கரையில் இருந்தே சொல்லிவிடும்.

சிலும்பி தலைவியான சில நாளில் ஒரு காரியம் நடந்தது. கூனன் என்கிற குருவி காவலில் இருந்தது. முதுகு சற்று வளைந்த குருவி. அதன் குரலும் உடைந்த குரல். "இருக்கோம்" என்று எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் அதன் "இருக்கோம்" தனியாக வந்து விழும். அன்றைக்குக் கீழேயிருந்து வெள்ளைக்கண்ணி என்கிற குருவி ஏதோ வேடிக்கை சொன்னது. கூனன் கிளையில் இருந்தபடியே சிரித்தது. அந்தச் சிரிப்பில் வல்லூறு வந்ததைக் கவனிக்கவில்லை.

"ஓடுங்க!" என்று அது கத்தியபோது நிழல் தரையைத் தொட்டுவிட்டது. எல்லாம் முள்ளுக்குள் பாய்ந்து தப்பின. கூனனின் வால் இறகுகள் மட்டும் வல்லூறின் பிடியில் போயின.

சிலும்பி எல்லாக் குருவிகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தது. 'இதில் ஒன்று செத்திருந்தால்? அந்தப் பழி என் தலையில் அல்லவா விழுந்திருக்கும்?'

"இனிமே காவலுக்கு வேற யாரும் வேணாம். நான் மட்டும்தான்!" என்று அறிவித்தது.

"நாள் முழுக்கவா அக்கா? கண்ணு பூத்துப்போகாதா?" என்றது தத்தி. கூட்டத்திலேயே இளைய குருவி அது.

"என் கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப எங்க கண்ணெல்லாம் என்ன, புண்ணா?" என்றது வெள்ளைக்கண்ணி.

கூனன் மொட்டைப் பின்புறத்தைத் திருப்பிக் காட்டியது. "வால் போனது எனக்கு! பயம் வந்தது உனக்கா?"

எல்லாம் சிரித்தன. சிலும்பி சிரிக்கவில்லை.

இதையெல்லாம் ஓர் எருமையின் முதுகில் இருந்து கரிச்சான் பார்த்துக்கொண்டிருந்தது. இரட்டை வாலும் பளபளக்கும் கறுப்புமாக ஆள் பார்க்க எடுப்பாக இருக்கும். எருமை போன இடமெல்லாம் தானும் போய் வந்ததால், உலகத்தைச் சுற்றியவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும். அது உச்சிக் கிளைக்குப் பறந்து வந்து சிலும்பியின் பக்கத்தில் அமர்ந்தது.

"வணக்கம் தலைவி! நல்ல முடிவு எடுத்தீங்க. ஆனா பாதியில நிறுத்திட்டீங்களே!"

"பாதியா?"

"கீழே கேளுங்க, என்ன சத்தம்! அலகு இருக்கிறது புழு எடுக்கவா, ஊர்க்கதை பேசவா? நான் எத்தனையோ கூட்டத்தைப் பார்த்தவன். அணைக்கட்டுப் பக்கம் கொக்குங்க இருக்கு. வாயே திறக்காது. ஒவ்வொண்ணும் எவ்வளவு மீன் பிடிக்குது தெரியுமா? எல்லாத்துக்கும் ஒரு சிஸ்டம் வேணாமா?"

"சரி, ஏதாவது சொல்ல வேண்டியிருந்தா?"

"என்கிட்ட சொல்லட்டும். நான் உங்ககிட்ட சொல்றேன். நீங்க சொல்றதை நான் அங்கே சொல்றேன். தலைவின்னா எடுத்ததுக்கெல்லாம் எல்லார்கிட்டயும் பேசிக்கிட்டு இருக்க முடியுமா?"

சிலும்பிக்கு அது சரியென்று பட்டது. பேச்சுத்தானே கூனனைக் கவனம் சிதறவைத்தது! அன்றே உத்தரவு போட்டது. வேலை நேரத்தில் பேச்சு கூடாது. "இருக்கோம்" என்று கத்துவதும் வேண்டாம். எதுவானாலும் கரிச்சான் வழியாகத்தான் வர வேண்டும்.

குளக்கரை அமைதியாகிவிட்டது. தவளைகள்கூட வெளியே வந்து எட்டிப் பார்த்தன.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. குருவிகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வயிறு நிறைந்து மரமேறின. "பார்த்தீங்களா தலைவி, சிஸ்டம்!" என்றது கரிச்சான். சிலும்பிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் காவல் கிளையில் இருந்து அது பழக்கத்தில் "இருக்கேன்!" என்று குரல் கொடுத்தபோது, பதில் வரவில்லை. ஏன் என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் தன் உத்தரவு நினைவுக்கு வந்தது. இன்னும் சில தடவை சொல்லிப் பார்த்தது. சருகு மட்டும் சரசரத்தது. பதில் வராத இடத்தில் திரும்பத் திரும்பச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதுவும் சொல்வதை நிறுத்திவிட்டது.

கீழே குருவிகள் ஒதுக்கிய சாப்பாட்டைக் கரிச்சான் கொண்டுவந்தது. நாளாக ஆகப் பங்கு சிறுத்துக்கொண்டே போனது.

"இவ்வளவுதானா?"

"சும்மா உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு இது போதும்னு சொல்றாங்க தலைவி. நான்தான் சண்டை போட்டு வாங்கிட்டு வந்தேன்."

அதே கரிச்சான் கீழே போய், "புழு நல்லாவே இல்லையாம், இன்னும் பெருசா வேணுமாம்" என்று சொல்லும். பெரிய புழுக்கள் பாதி வழியிலேயே காணாமல் போகும்.

பொழுது சாயும் நேரம்தான் சிலும்பிக்கு மிகவும் கடினமாக இருந்தது. தவிட்டுக்குருவிகள் ஒரே கிளையில் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக உட்காரும். ஒன்றின் தலையை இன்னொன்று கோதிவிடும். குருவிக்குத் தன் இறக்கையைத் தானே கோத முடியும், நெஞ்சையும் கோத முடியும். பிடரியை மட்டும் முடியாது. அதற்கு இன்னோர் அலகு வேண்டும். தலைவிக்குத் தனிக் கிளைதான் மரியாதை என்று கரிச்சான் சொல்லியிருந்தது. அதனால் சிலும்பி எதிர்க் கிளையில் தனியாக இருந்து அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கூனன் ஏதோ கிசுகிசுக்கும். வரிசை முழுக்கக் குலுங்கும். 'என்னைப் பற்றித்தானோ?' என்று சிலும்பி நினைத்துக்கொள்ளும்.

அந்த நாட்களில்தான் ஓர் உண்ணி அதன் பிடரியில் ஏறியது. முதலில் அரிப்பு. பிறகு வலி. காலால் சொறிந்தால் இன்னும் ஆழமாகக் கடித்தது. மெல்ல ஊர்ந்து இடது கண்ணின் ஓரத்துக்கு வந்து அங்கேயே இரத்தம் குடித்துப் பருத்தது. இமை வீங்கிக் கண்ணை மூடிக்கொண்டது. சிலும்பியின் இடப்பக்கத்து உலகம் இருண்டது.

"கரிச்சான், இந்த உண்ணியைக் கொஞ்சம் எடுத்துவிடேன்."

"ஐயோ தலைவி! யாராவது பார்த்தா? உங்க கண்ணை நம்பித்தானே உங்களைத் தலைவியாக்கினாங்க. அந்தக் கண்ணே போச்சுன்னு தெரிஞ்சா மதிப்பாங்களா? வலது பக்கத்தைக் கீழே காட்டுற மாதிரி உட்காருங்க. ஒண்ணும் தெரியாது."

சிலும்பி அப்படியே திரும்பி உட்கார்ந்தது.

ஒருநாள் அந்தியில் அதனால் பொறுக்க முடியவில்லை. தனிக் கிளையை விட்டு வரிசையின் ஓரத்தில் போய் அமர்ந்தது. 'யாராவது ஒருத்தர் என் பிடரியில் அலகை வைத்தால் போதும். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.'

கிசுகிசுப்பு சட்டென்று நின்றது. எல்லாம் நகர்ந்து இடம் விட்டன. தேவைக்கு மேலேயே இடம் விட்டன.

"வாங்க தலைவி," என்றது தத்தி. முன்பு அது "அக்கா" என்றுதான் கூப்பிடும்.

"ஏதாவது உத்தரவா?" என்றது வெள்ளைக்கண்ணி, நேரே பார்த்தபடி.

"இல்ல... சும்மாதான் வந்தேன்."

கூனன் மட்டும் வாயைத் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. சிலும்பி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து தன் கிளைக்கே போய்விட்டது. அன்றைக்குக் காற்று குளிராக அடித்தது.

மறுநாள் காலையில் வல்லூறு வந்தது. குளத்துக்கு இடப்பக்கம் இருந்த பனையில் சத்தமில்லாமல் அமர்ந்தது. முதலில் பார்த்தது தத்திதான். கத்த வாயெடுத்தது. உத்தரவு நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்க் கரிச்சானிடம் சொன்னது.

"அண்ணே! பனையில வல்லூறு! தலைவிகிட்ட சீக்கிரம் சொல்லுங்க!"

கரிச்சானின் வாயில் பெரிய புழு ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. "சொல்றேன், சொல்றேன். வாயில இருக்கிறதை முழுங்க வேணாமா?"

தத்தி திரும்பி வந்து சருகைப் புரட்டத் தொடங்கியது. சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாகிவிட்டதே!

"சிலும்பி அந்தப் பக்கம் திரும்பவே இல்லையே?" என்றது கூனன் மெதுவாக.

"அதெல்லாம் பார்த்திருப்பா. அவ கண்ணுக்குத் தெரியாதது நம்ம கண்ணுக்கா தெரியப்போகுது?" என்றது வெள்ளைக்கண்ணி.

வல்லூறு பனையை விட்டுக் கிளம்பியது. நேராக உச்சிக் கிளையை நோக்கி வந்தது. சிலும்பி குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சிலும்பீ! இடப்பக்கம்! எறங்கு, எறங்கு!"

உடைந்த அந்தக் குரலை அடையாளம் கண்ட கணமே சிலும்பி கல்லைப் போலக் கீழே விழுந்தது. உச்சிக் கிளை வெறுமையாக ஆடியது. வல்லூறு அந்தரத்தில் திரும்பியது. கத்திக்கொண்டே மேலே பறந்து வந்த கூனன் வெட்டவெளியில் இருந்தது. சட்டென்று திரும்ப வால் வேண்டும். கூனனுக்கு வால் இன்னும் சரியாக வளர்ந்திருக்கவில்லை.

எல்லாக் குருவிகளும் உத்தரவை மறந்து கத்தின. கூனனைப் பற்றிக்கொண்டு போன வல்லூறைப் பனை வரைக்கும் துரத்திக்கொண்டு பறந்தன. பயனில்லை. சாம்பல் இறகுகள் சில குளத்துத் தண்ணீரில் இறங்கி மிதந்தன.

எல்லாம் திரும்பி வந்தபோது, சிலும்பி சருகுகளின் நடுவில் உட்கார்ந்திருந்தது. வீங்கிய இடது பக்கத்தை அது மறைக்கவில்லை.

வெள்ளைக்கண்ணி கிட்டே வந்து பார்த்தது. "இது எப்பலேருந்து?"

"ரொம்ப நாளா."

"ஏன்டி சொல்லலை?"

"யார்கிட்ட சொல்ல? நான்தான் எல்லார் வாயையும் மூடிட்டேனே!" என்றது சிலும்பி. "நேத்து சாயங்காலம் அதைச் சொல்லத்தான் வந்தேன்."

வெள்ளைக்கண்ணி குளத்தில் மிதந்த இறகுகளைப் பார்த்தது. "கூனனும் நேத்து உன்கிட்ட கேக்கணும்னான். 'அவ ஒரு பக்கமாவே உட்கார்றா, என்னன்னு கேக்கவா?'ன்னான். உத்தரவு இருக்கு, பேசாம இருன்னு நான்தான் சொன்னேன்."

"கரிச்சான் அண்ணன்கிட்ட நான் சொன்னேனே!" என்று தத்தி விம்மியது.

கரிச்சானைத் தேடின. எருமை குளத்தின் அக்கரைக்கு நகர்ந்திருந்தது. அதன் முதுகில் இருந்தபடி கரிச்சான் ஒரு மைனாக் கூட்டத்திடம் பேசிக்கொண்டிருந்தது. "எல்லாம் சரி, ஒரு சிஸ்டம் வேணாமா?" என்ற அதன் குரல் இக்கரை வரைக்கும் கேட்டது.

"தலைய சாய்," என்றது வெள்ளைக்கண்ணி. அலகை வைத்து உண்ணியைப் பிடுங்கி எறிந்தது. எறிந்த பிறகும் அலகை எடுக்கவில்லை. பிடரி இறகுகளை ஒவ்வொன்றாகக் கோதிவிட்டது.

"வேற தலைவியைத் தேடிக்கங்க," என்றது சிலும்பி.

"அதை அப்புறம் பேசலாம். பேசத்தான் வாய் இருக்கே! இப்ப நீ சாப்பிடு. மூஞ்சியிலேயே பசி தெரியுது." வெள்ளைக்கண்ணி உடைமரத்தின் உச்சிக்குப் பறந்தது. நாலு திசையும் பார்த்தது.

"இருக்கேன்!"

கீழே எல்லாக் குருவிகளும் சிலும்பியைப் பார்த்தன. சிலும்பி தொண்டையைச் சரிசெய்துகொண்டது.

"இருக்கோம்!" என்றது. மற்றவையும் சேர்ந்துகொண்டன.

சொல்லி முடித்த பிறகும் யாரும் சருகைப் புரட்டவில்லை. எல்லாருக்கும் பின்னால் தனியாக வந்து விழும் அந்த உடைந்த குரலுக்காக ஒரு கணம் காத்திருந்தன. அது வரவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் காவல் மாறி மாறி நடந்தது. பேச்சும் பழையபடி காதைத் துளைத்தது. ஆனால் ஒவ்வொரு "இருக்கோம்"முக்குப் பிறகும் அந்த ஒரு கணத்தை எல்லாம் விட்டுவைத்தன. சிலும்பி மட்டும் அதற்குள் மெல்ல, தனக்கு மட்டும் கேட்கும்படி, இன்னொரு தடவை "இருக்கோம்" என்று சொல்லிக்கொள்ளும்.

தன் கண்ணை மட்டும் நம்பி மற்றவர்களின் வாயை அடைக்கும் தலைமை முதலில் தனிமைப்படும், பிறகு குருடாகும், கடைசியில் அதற்கான விலையை வேறொருவர் கொடுக்க நேரிடும்.