முள்ளம்பன்றி காவல் காத்த பாறை

நாணல் குளத்தின் கரையில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் காட்டு விலங்குகள் எல்லாம் அங்கே கூடும். சேதி வைத்திருப்பவர் பாறைமேல் ஏறிச் சொல்ல வேண்டும். எந்த ஓடை வற்றிவிட்டது, எந்தப் பக்கம் சிறுத்தை திரிகிறது, எங்கே நாவல் பழுத்திருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும்.

ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் ஏறிக் கத்தும். குரங்கு காட்டுப்பன்றியின் மூக்கைக் கேலி செய்யும். பன்றி பதிலுக்கு வாயில் வந்ததைப் பேசும். உருப்படியான சேதி ஒன்றும் காதில் விழாது. ஒழுங்குபடுத்த ஒருவர் வேண்டும் என்று எல்லா விலங்குகளும் ஒப்புக்கொண்டன. யார் அது என்றதும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேலை வந்துவிட்டது. கடைசியில் முள்ளம்பன்றிதான் முன்வந்தது.

முதலில் அது ஆசையாகத்தான் செய்தது. ஒவ்வொருவராக ஏற்றியது. வசை பேசியவரை இறக்கி, இன்ன காரணம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னது. நன்றி சொன்னவர் எவரும் இல்லை. குறை சொல்ல மட்டும் வரிசையில் நின்றார்கள். அது வளையில் தூங்கினால் வாசலில் வந்து எழுப்பினார்கள். கிழங்கு தோண்டப் போனால் அங்கேயும் பின்னால் வந்து வழக்காடினார்கள். கீரியை எனக்கு முன்னால் ஏன் ஏற்றினாய் என்று காட்டுக்கோழி ஒரு காலைப்பொழுதையே தின்றுவிட்டது.

முள்ளம்பன்றிக்கு அலுத்துப்போயிற்று. காரணம் சொன்னால்தானே எதிர்க்கேள்வி வருகிறது என்று காரணம் சொல்வதையே நிறுத்திவிட்டது. முள்ளைச் சடசடவென்று சிலிர்த்தால் பாறையைவிட்டு இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

அலுப்புக்குப் பின்னாலேயே ஓரவஞ்சனையும் வந்து சேர்ந்தது. நரி அதன் கூட்டாளி. நரி யாரை எப்படித் திட்டினாலும் ஒரு முள்கூட அசையாது.

ஒரு மாலை, மேற்கு ஓடை வற்றிவிட்டது என்று நரி சொன்னது. ஆட்காட்டிக் குருவி குறுக்கிட்டது. இப்போதுதான் அங்கே தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன், ஓடை வற்றவில்லை என்றது. குருவிக்குக் கீச்சுக்குரல். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும். அன்றும் அப்படித்தான் சொல்லிக்கொண்டே போயிற்று. முள்ளம்பன்றிக்குத் தலை வலித்தது.

"இனி நீ இந்தப் பாறைப் பக்கமே வரக் கூடாது" என்றது.

"நான் என்ன தப்பு செய்தேன்?"

"அது உனக்கே தெரியும்."

குருவிக்குத் தெரியவில்லை. கூடியிருந்த விலங்குகளுக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து பாறையில் சத்தம் குறைந்தது. பாதிப் பேர் ஏறவே இல்லை. ஒருவழியாக எல்லோருக்கும் புத்தி வந்ததே என்று முள்ளம்பன்றி நிம்மதியாக மூச்சுவிட்டது.

சில நாள் கழித்து, குளத்தின் அக்கரையில் நின்று குருவி ஏதோ கத்தியது. விரட்டிய பிறகும் வந்து தொல்லையா என்று முள்ளம்பன்றிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. குருவி ஓயும்வரை தன் முட்களைச் சடசடத்துக்கொண்டே இருந்தது. ஒரு சொல்கூட அதன் காதில் விழவில்லை.

மறுநாள் மாலை மேற்கு ஓடைப் பாதையிலிருந்து ஓர் அலறல் வந்தது. எல்லாம் ஓடிப் பார்த்தன. மிளா மானின் பின்னங்காலை வேடன் வைத்த கண்ணி இறுக்கியிருந்தது. மிளா இழுக்க இழுக்கக் கயிறு சதைக்குள் இறங்கியது. முள்ளம்பன்றி பாய்ந்துபோய்க் கயிற்றைக் கடித்தது. வாயெல்லாம் ரத்தமாகும்வரை கடித்துத்தான் அறுக்க முடிந்தது. மிளா பிழைத்தது. ஆனால் அந்தக் கால் பிறகு நேராகவே இல்லை.

"இத்தனை பேர் நடக்கிற பாதை. ஒருவர் கண்ணிலுமா இந்தக் கண்ணி படவில்லை?" என்று முள்ளம்பன்றி ஆத்திரத்தோடு கேட்டது.

முயல் முன்னால் வந்தது.

"பட்டது. நான் நேற்றே பார்த்தேன். பன்றியும் பார்த்தது."

"பிறகு ஏன் பாறையில் சொல்லவில்லை?"

"குருவி என்ன தப்பு செய்தது என்று நீ சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அந்தத் தப்பை மட்டும் செய்யாமல் இருந்திருப்போம். தெரியாததால் பேசுவதையே விட்டுவிட்டோம். குருவி மட்டும்தான் பயப்படவில்லை. நேற்று அக்கரையிலிருந்து அது கத்தியது இந்தக் கண்ணியைப் பற்றித்தான்."

முள்ளம்பன்றியின் முட்கள் படிந்துபோயின. மிளாவின் காலைப் பார்க்க அதனால் முடியவில்லை. நான் விலகிக்கொள்கிறேன், வேறு யாராவது இந்த வேலையைப் பாருங்கள் என்றது. வழக்கம்போல எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிட்டது. முள்ளம்பன்றி பெருமூச்சுவிட்டது.

மறுநாள் அது குருவியைத் தேடிப் போய் அழைத்து வந்தது. "இது ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு செய்தவன் நான்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னது. இனி யாரை இறக்கினாலும் காரணத்தை உரக்கச் சொல்வேன், அது நியாயம் இல்லை என்று தோன்றினால் முயலும் பன்றியும் விசாரிக்கட்டும், நான் தலையிட மாட்டேன் என்றது.

முதலில் இறங்க வேண்டியிருந்தது நரிதான். மிளாவை நொண்டி என்று கேலி செய்ததற்காக இறக்குகிறேன் என்று முள்ளம்பன்றி காரணம் சொன்னது. அதன்பின் நரி அதனோடு பேசுவதையே விட்டது. காட்டுக்கோழி மறுபடி வளை வாசலுக்கு வந்தது. குருவி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னது. முள்ளம்பன்றி பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிச் சொல்வரை கேட்டது.

காரணம் சொல்லாமல் தண்டிப்பவரிடத்தில், கெட்டதைப் பேசுகிறவர் அடங்குவதற்கு முன்பே நல்லதைச் சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொள்வார்.